மாற்றாள் வரும்வரை

அந்த ஒரு நீலத் தார்ப்பாயில் மட்டும் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

மற்றபடி ஆற்றங்கரை முழுவதும் பூ பார்க்க வந்த ஜனம். செர்ரி மரங்களின் அடியில் பாயோடு பாய் உரசும்படி விரித்து, குளிருக்குக் கோட்டைக் கழற்றாமல், கழுத்துத் துணியைக் காதுவரை ஏற்றிச் சுற்றிக்கொண்டு, ஆவி பறக்கும் கோப்பைகளை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கரை வளைகிற இடத்தில் நிற்கும் பெரிய மரத்தின் கீழே, ஐந்து பேர் தாராளமாகக் கால் நீட்டக்கூடிய அந்தப் பாய் மட்டும் காலியாகக் கிடந்தது. பை இல்லை. டம்ளர் இல்லை. கயோகோ இன்னொரு முறை பார்த்தாள். பூவிதழும் இல்லை. அடிக்கிற காற்றில் எல்லோருடைய பாயிலும், சோற்றிலும், தலைமுடியிலும் இதழ்கள் ஒட்டிக்கொண்டிருக்க, அந்தப் பாய் இப்போதுதான் யாரோ துடைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது.

“அடேங்கப்பா, ராஜா வீட்டு இடம்,” என்றார் அவள் கணவர் தெத்சுரோ. “யாரோ நல்லாப் பிடிச்சு வெச்சிருக்காங்க.”

“ஆளே இல்லையேப்பா. நாம உட்கார்ந்துக்கலாம்,” என்றாள் மகள் மினோரி. பதினேழு வயது, கையுறை இல்லாமல் வந்துவிட்டு அம்மாவுடையதை வாங்கி மாட்டியிருந்தாள்.

“ஏதோ பேர் எழுதி ஒட்டியிருக்கு பாரு. பேர் ஒட்டின பாய்ல போய் உட்கார்ந்தா ஊரே நம்மளத் திரும்பிப் பாக்கும். நட.”

கடைசியில் கிடைத்தது கழிப்பறைக் கட்டடத்தை ஒட்டிய ஒரு துண்டு நிலம். தலைக்கு மேலே ஒரே ஒரு கிளை, அதிலும் பாதி மொட்டு. கயோகோவின் தம்பி வதாரு ஒசாகாவிலிருந்து முந்தின நாள் ராத்திரிதான் வந்திருந்தான். பாயின் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டே சிரித்தான்.

“கக்கூஸ் பக்கத்துல உட்கார்ந்து பூ பார்க்கறது நம்ம குடும்பம் ஒண்ணுதான் அத்தான்.”

“என்ன பண்றது? காலைல அஞ்சு மணிக்கே வந்து இடம் பிடிக்க இப்ப யாரு இருக்கா நமக்கு?”

சொன்ன பிறகுதான் தெத்சுரோவுக்கே உறைத்தது. பாட்டிலைத் திறப்பதுபோல் குனிந்துகொண்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கம், சாலை தண்டவாளத்தைக் கடக்கும் ரயில் கடவையின் மணி அடிக்கத் தொடங்கி, வெகுநேரம் அடித்து, ஓய்ந்தது. ரயில் எதுவும் போகவில்லை என்பதைக் கயோகோ கவனித்தாள். மற்றவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

இடம் பிடிப்பது அவளுடைய அப்பாவின் வேலை. குனிஹிகோ நிராசாவா. நாற்பத்தொரு வருடம் ரயில்வேயில் இருந்தவர், கடைசி ஒன்பது வருடம் நிலைய அதிகாரி. ஓய்வு பெற்ற பிறகும் எதைச் செய்தாலும் வெள்ளைக் கையுறை போட்ட சுட்டுவிரலை நீட்டிக் காட்டி, வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்பார். அடுப்பு, அணைந்தது, சரி. வாசல், பூட்டியது, சரி. அன்று காலை ரயிலடியிலிருந்து நடந்து வரும்போது கடவையருகே வதாரு திடீரென்று விறைப்பாக நின்று, விரலை நீட்டி, “வலது பக்கம், சரி! இடது பக்கம், சரி!” என்று கத்தினான். மினோரி விழுந்து விழுந்து சிரித்தாள். “தாத்தாவே வந்தா மாதிரி இருக்கு மாமா.” கயோகோவும் சிரித்தாள். கோட்டுப் பைக்குள், கைக் குளிருக்கு வைத்திருந்த சூட்டுப் பொட்டலத்தை நகம் பதிய இறுக்கிப் பிடித்திருந்தாள்.

சிறு வயதில் அவளுக்கும் அப்பாவுக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. ராத்திரி வேலை முடிந்து காலையில் வீடு வரும் அப்பா வாசலிலேயே நிமிர்ந்து நிற்பார். “வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஒப்படைக்கிறேன்” என்பார். ஆறு வயதுக் கயோகோ நெற்றியில் கை வைத்து, “ஏற்றுக்கொண்டேன்” என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் ஷூவைக் கழற்றுவார். சொன்னால்தான் அவருடைய தொப்பி அவள் தலைக்கு வரும். ஒருநாள் அவள் தூங்கிவிட்டாள். எழுந்து வந்து பார்த்தபோது அப்பா வாசலில் அப்படியே நின்றுகொண்டிருந்தார். “வேலையை வாங்கிக்க மாத்தாள் வந்து வாயால சொல்லாம எடத்த விட்டு நகரக்கூடாதும்மா. கூரை இடிஞ்சு விழுந்தாலும்.” அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

போன வருடம் இதே சமயம். சனிக்கிழமை சாயங்காலம் போனில் கயோகோதான் சொன்னாள்: “பதினோரு மணிக்கு மாத்தாளா வந்துடுவேன்ப்பா.” அப்பாவுக்கு அது மிகவும் பிடித்துப்போய் மறுமுனையில் சிரித்தார். அன்று இரவே வதாரு கூப்பிட்டு, வேலை வந்துவிட்டது, அப்பாவிடம் சொல்லிவிடு அக்கா என்றான். ஞாயிறு காலை எட்டு மணிக்கு வானிலைச் செய்தியில் ஆலங்கட்டியும் பனியும் கலந்து பெய்யும் என்றார்கள். தெத்சுரோவுக்கு லேசான இருமல். போக வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அப்பாவுக்குச் சொல்ல வேண்டியது அவள் பொறுப்பு.

அவள் சொல்லவில்லை.

மறக்கவில்லை, அப்படி நினைத்துக்கொள்ள அவளே பலமுறை முயன்று தோற்றிருக்கிறாள். சொன்னால் அப்பா “நேரம்னா நேரம்மா” என்பார், அதைக் கேட்க அன்று அவளுக்குப் பொறுமை இல்லை. அவ்வளவுதான். ஒன்பது பத்துக்குச் சாப்பாட்டு மேசைமேல் போன் அதிர்ந்தது. திரையில் அப்பா என்று வந்தது. போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள். பதினொன்று நாற்பதுக்கு ஒருமுறை. மூன்று ஐந்துக்கு ஒருமுறை. மேசைமேல் அது குப்புறக் கிடந்தபடி விம்மியது. சலித்துப்போய்த் தானே வீட்டுக்குப் போய்விடுவார் என்று நினைத்தாள்.

திங்கட்கிழமை விடியற்காலையில் நாயோடு நடக்க வந்த ஒருவர்தான் பார்த்தார். நீலப் பாயின்மேல் முதுகு வளையாமல் முட்டியிட்டு உட்கார்ந்திருந்தார் அப்பா. ஷூக்கள் பாயின் ஓரத்தில் வெளியே பார்த்தபடி ஜோடியாக இருந்தன. எதிரே நான்கு கோப்பைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றின் மேலும் ஒரே அளவில் பனி.

காவலர் கேட்டது ஒரே கேள்விதான். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்று கயோகோ பதில் சொன்னாள்: “எட்டு மணிக்கே கூப்பிட்டு வரலன்னு சொல்லிட்டேன். நீங்க வராட்டி பரவாயில்ல, நான் தனியா பூ பார்த்துக்கறேன்னார்.” அந்த வாக்கியம் அவள் வாயிலிருந்து முழுசாக, தயாராக வந்தது. எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. இறுதிச் சடங்கில் வதாரு அதைச் சொல்லி அழுதான். வந்தவர்களுக்கு அனுப்பிய நன்றி அட்டையில் அச்சடித்தார்கள். போன வாரம் முதலாண்டு நினைவுச் சடங்கில் பிக்குவும் அதையே எடுத்துச் சொன்னார். துக்கம் முடிந்தது, இனிப் பூ பார்க்கப் போகலாம் என்றார்கள். அப்பா உட்கார்ந்த கரைக்கே போவோம் என்று வதாருதான் கேட்டான். வேண்டாம் என்பதற்கு அவளிடம் சொல்லக்கூடிய காரணம் எதுவும் இல்லை.

இப்போது வதாரு சுருட்டிப் பொரித்த முட்டையில் ஒரு துண்டைக் குச்சிகளால் எடுத்துக்கொண்டே பூவைப் பார்த்தான்.

“தனியா பூ பார்த்துக்கறேன். என்ன மனுஷன், இல்ல? எனக்கு ஒரே ஒரு குறைதான் அக்கா. அவரு சட்டைப் பையில கறுப்பு நோட்டு ஒண்ணு வெச்சிருப்பாரே. நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதுவாரு. அது மட்டும் கிடைக்கவே இல்ல. போனும் நனைஞ்சு போச்சு. அந்த நோட்டு கிடைச்சா அன்னைக்கு என்ன நினைச்சாருன்னு தெரியும்.”

“ரயில் நேரமா எழுதி வெச்சிருப்பார் மாமா,” என்றாள் மினோரி. பிறகு, கோப்பையை ஊதிக்கொண்டே, சாதாரணமாக: “அம்மா, அன்னைக்குத் தாத்தாகூட நீ எப்ப பேசினே? நான் காலைலேர்ந்து மேசையிலதானே படிச்சிட்டு இருந்தேன். நீ பேசினதே எனக்கு ஞாபகம் இல்ல.”

“குளிக்கற ரூம் பக்கம் நின்னு பேசினேன்.”

“ஓ.”

“ஏன், உன்கிட்ட அனுமதி வாங்கிட்டுப் பேசணுமா?”

குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. மினோரி அவளைப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். பிறகு இலையில் சுற்றிய இனிப்பைப் பிரிக்கத் தொடங்கினாள். தெத்சுரோ, “பூ பார்க்க வந்தோமா, ஐஸ் பெட்டிக்குள்ள வந்து உட்கார்ந்தோமான்னு தெரியல,” என்று முணுமுணுத்தார். வதாரு சிரித்து வைத்தான்.

கயோகோ எழுந்தாள். கழிப்பறைக்கு என்று சொன்னாள். கழிப்பறை பக்கத்திலேயே இருந்தது. அவள் கால்கள் கரை வளைகிற பக்கமாக நடந்தன.

பெரிய மரத்தை நெருங்க நெருங்கச் சத்தங்கள் விலகிப் போயின. யாரோ கைபேசியில் வைத்திருந்த பாட்டு, குழந்தையின் அழுகை, பீர் டப்பாக்கள் திறக்கிற சீறல் எல்லாம் கண்ணாடிக் கதவைச் சாத்தியதுபோல் அந்தப் பக்கம் தங்கிவிட, இந்தப் பக்கம் ஆறு மட்டும் கல்லில் உரசும் ஓசையும், ஈர மண்ணின் வாடையும், அதற்கடியில் வேறொரு மெல்லிய வாடையும் இருந்தன. இரும்புத்தூள். கஞ்சி போட்ட துணி. பாயின் நான்கு மூலைகளிலும் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் பாரத்துக்கு நின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் சிவப்பு நாடா ஒரு சுற்று. காகிதம் பாயின் முன் விளிம்பில் ஒட்டியிருந்தது. கறுப்பு மையில், அறிவிப்புப் பலகை எழுத்தில், அளவுகோல் வைத்து எழுதியதுபோன்ற கோடுகள்.

நிராசாவா. காலை 11 மணி முதல்.

அதன் கீழே: ஐவர். அந்தச் சொல்லை நேர்கோட்டால் அடித்து, பக்கத்தில் சின்னச் சிவப்பு முத்திரை வைத்துத் திருத்தியிருந்தது: நால்வர்.

அந்தப் பெயர் சாதாரணப் பெயர் இல்லை. இந்த ஊரில் வேறு யாருக்கும் இல்லை.

“அவரைத் தேடுறீங்களா?”

கயோகோ துள்ளித் திரும்பினாள். பக்கத்துப் பாயில் ஓர் அலுவலகக் கூட்டம்; அதன் ஓரத்தில் மடிமேல் போர்வை போர்த்திய நடுவயதுப் பெண்மணி ஒருத்தி அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

“காலைல நாங்க வர்றப்பவே இருந்தாருங்க. எப்படி உட்கார்ந்திருந்தாரு தெரியுமா, அப்படியே செலை மாதிரி. வெள்ளைக் கையுறை. சூடா டீ குடிங்க தாத்தான்னேன். வேலை நேரத்துல வேண்டாம்னுட்டாரு.” அவள் கூட்டத்தார் சிரித்தார்கள். “இப்பதான் எங்கயோ எழுந்து போனாரு போல. நீங்க அவரோட பொண்ணா? இந்தக் குளிர்ல இவ்வளவு நேரம் உட்கார வெச்சுட்டீங்களே. பாவங்க.”

“இல்லை,” என்றாள் கயோகோ. “தெரியாதவர்.”

திரும்பி வேகமாக நடந்தாள். இது வதாருவின் வேலை, வேறு என்ன. நினைவாகச் செய்திருப்பான். எழுத்தைப் பார்த்து எழுதியிருப்பான். யாரோ ஒரு கிழவரைக் கூலிக்கு உட்கார வைத்திருப்பான். அப்படித்தான்.

“வதாரு. காலைல இங்க வந்து பாய் ஏதாவது விரிச்சு வெச்சியா?”

“நானா? நான் எழுந்ததே எட்டரை மணிக்கு. நீதானே எழுப்பினே.” அவன் அவள் முகத்தைப் பார்த்து நிமிர்ந்தான். “ஏன் அக்கா, என்ன ஆச்சு?”

சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் இருந்தது. அந்தக் கணம் உண்மையாகவே இருந்தது. பிற்பாடு அவள் அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்ள நேர்ந்தது. தம்பி வாயில் சோற்றுப் பருக்கையோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மினோரியும். நான் கூப்பிடவே இல்லை வதாரு. நான்கு சொற்கள். அவை நாக்கின் அடியில் வந்து நின்றன, ஈரக் கூழாங்கற்களைப் போல.

“ஒண்ணுமில்ல. ஒரு பாய் காலியா இருந்துச்சு. கேட்டேன்.”

மூன்றேகால் மணிக்கு ஆற்றின் மேற்கே வானம் சாம்பல் நிறமாகித் தாழ இறங்கியது. முதலில் பூவிதழ் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்; கன்னத்தில் பட்டு உருகியபோதுதான் பனி என்று தெரிந்தது. கரை முழுக்கச் சிரிப்பும் கூச்சலும். பாய்களை உதறினார்கள், குழந்தைகளைத் தூக்கினார்கள், மூடாத சாப்பாட்டுப் பெட்டிகளை அப்படியே பையில் திணித்தார்கள். பத்து நிமிடத்தில் கரை காலி. மிதித்த புல்லும் குப்பைப் பைகளும் மரங்களும் மிச்சம்.

நீலப் பாய் இருந்தது.

அதன் நடுவில், முன்பு எதுவும் இல்லாத இடத்தில், கறுப்பாக ஏதோ ஒன்று கிடந்தது. உள்ளங்கை அளவு. ரப்பர் வளையம் போட்டது.

கயோகோவுக்கு அது என்னவென்று தெரிந்தது. அவ்வளவு தொலைவிலிருந்தும் தெரிந்தது. நிமிடத்துக்கு நிமிடம் எழுதுவார். ஒன்பது பத்து. பதினொன்று நாற்பது. மூன்று ஐந்து. ரயிலடிக்குப் போகிற வழி அந்தப் பாயின் ஓரமாகத்தான் போகிறது. வதாரு கண்ணில் பட்டால் எடுப்பான். எடுத்தால் அங்கேயே நின்று படிப்பான்.

“நீங்க பாலத்து வழியாப் போங்க,” என்றாள். “அந்தப் பக்கம்தான் காத்து கம்மி. நான் ஒரு நிமிஷம், கழிப்பறைக்குப் போயிட்டு ஓடி வந்துடறேன்.”

“மறுபடியுமா? காலைலேர்ந்து எத்தனை தடவை!” என்றார் தெத்சுரோ. “நாலு நாப்பத்திரண்டு வண்டிய விட்டா அடுத்தது ஆறரைக்குத்தான். சீக்கிரம் வா.”

“அம்மா, கையுறை வேணுமா?”

“நீயே போட்டுக்கோ.”

மூவரும் பாலத்தை நோக்கித் திரும்பும்வரை காத்திருந்தாள். பிறகு ஓடினாள்.

பாயின் விளிம்பில் நின்றுவிட்டாள். நோட்டு எட்டாத தூரத்தில் இருந்தது. ஷூவோடு ஏறிவிடலாம், யார் பார்க்கப் போகிறார்கள். ஆனால் கைகள் தாமாகவே இறங்கி ஷூக்களைக் கழற்றின. வெளியே பார்த்தபடி ஜோடியாக வைத்தன. மண்ணோடு பாயில் ஏறுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அப்பா வளர்த்த பெண்.

பாய் சூடாக இருந்தது.

வெகுநேரம் ஆள் உட்கார்ந்து எழுந்த இடத்தின் சூடு. காலுறை வழியாக அது ஏறி வந்தது. முட்டியிட்டு நகர்ந்து நோட்டை எடுத்தாள். ஓடிவிட வேண்டும், ஆற்றில் எறிந்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். ரப்பர் வளையத்தைக் கழற்றியது விரல்கள்தான்.

5.00. இடம் பிடித்தேன். மூலை நான்கும் சரி.
9.10. கயோகோவுக்கு அழைப்பு. பதில் இல்லை.
11.00. மாற்றாள் வரவில்லை.
11.40. கயோகோவுக்கு அழைப்பு. பதில் இல்லை. வதாருவுக்கு வேலை இருக்கும். தொந்தரவு செய்ய வேண்டாம்.
15.05. கயோகோவுக்கு அழைப்பு. பதில் இல்லை. வழியில் ஏதேனும் ஆகியிருக்குமோ.
17.30. பனி. கால் மரத்துவிட்டது. மாற்றாள் வரவில்லை.
21.00. மாற்றாள் வரவில்லை.

ஒரு துளி தாளில் விழுந்தது. அவளுடையதுதான். பக்கத்தைத் திருப்பினாள். அங்கே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை.

ஏப்ரல் 22. மாற்றாள் வரவில்லை. மே 3. மாற்றாள் வரவில்லை. அதே கறுப்பு மை, அதே அளவுகோல் எழுத்து. ஜூன் 17, மழை. ஆகஸ்ட் 9, வெள்ளம் பாய்வரை வந்து வடிந்தது. மாற்றாள் வரவில்லை. நவம்பர். ஜனவரி, பனி நான்கு அடி. மாற்றாள் வரவில்லை. மாற்றாள் வரவில்லை. வரி தவறாமல், நாள் தவறாமல். ஓரிடத்திலும் கோபம் இல்லை. ஒரு கேள்வி இல்லை. அவள் வேகமாகத் தள்ளினாள். தாள்கள் விரலில் ஒட்டின. கடைசிப் பக்கம்.

ஏப்ரல் 20. நால்வர் வருகை. கழிப்பறை அருகே.
12.50. கயோகோ வந்தாள். தெரியாதவர் என்றாள்.
15.38.

அதற்கு எதிரே காலி.

மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். மூன்று முப்பத்தெட்டு.

பின்னால் துணி உரசியது.

இரும்புத்தூள் வாடை. கஞ்சி வாடை. கழுத்தில் மூச்சு இல்லை. மூச்சே இல்லை. ஆனால் ஆள் இருந்தது. நிமிர்ந்து நின்ற ஆள். அவளுடைய இடது தோளுக்கு மேலாக ஒரு கை மெதுவாக நீண்டு வந்தது. வெள்ளைக் கையுறை. சுட்டுவிரல் ஒரு மூலையைக் காட்டியது. சரி. அடுத்த மூலை. சரி. மூன்றாவது. நான்காவது. சரி. குரல் பழையபடியே இருந்தது. கொஞ்சம் கட்டியிருந்தது, அவ்வளவுதான். குளிரில் இருந்தவருக்குக் கட்டுவதுபோல.

விரல் மடங்கி அவள் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது.

“அப்பா,” என்றாள். “அப்பா, நான் போனை எடுக்கல. அடிச்சப்ப நான் அங்கதான் இருந்தேன். பாத்துட்டே இருந்தேன்ப்பா.”

சொல்லிவிட்டாள். ஒரு வருடமாக நாக்கின் அடியில் கிடந்தது வெளியே வந்துவிட்டது. கேட்க அங்கே யாரும் இல்லை, அவரைத் தவிர.

கை விலகவில்லை. அவர் அதற்காகக் காத்திருக்கவில்லை.

“வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஒப்படைக்கிறேன்.”

வேண்டாம். வாயை மூடிக்கொள். பல்லைக் கடி. ஆனால் ஆறு வயதில் பழகிய வாய். வாசலில் ராத்திரி முழுக்க வேலை பார்த்து வந்த அப்பா நிற்கிறார், சொன்னால்தான் ஷூவைக் கழற்றுவார், சொன்னால்தான் உட்காருவார், நின்றுகொண்டே இருக்கிறார், கால் மரத்துப்போய்.

“ஏற்றுக்கொண்டேன்.”

வாடை போய்விட்டது.

பனி பெய்கிற சத்தம் திரும்ப வந்தது. கயோகோ எழுந்தாள். எழுந்ததாக நினைத்தாள். முழங்கால்கள் பாயிலேயே இருந்தன. கையை ஊன்றினாள். கை ஊன்றியது, உடம்பு வரவில்லை. முதுகு மட்டும் தானாக நிமிர்ந்து, நேராகி, அப்படியே நின்றுவிட்டது. இப்போது பாய் சில்லென்றிருந்தது.

ஓரத்தில் அவளுடைய ஷூக்கள் இல்லை. அந்த இடத்தில் ஒரு ஜோடி கறுப்புத் தோல் ஷூ இருந்தது. பளபளப்பாகத் துடைத்தது. வெளியே பார்த்தபடி.

“தெத்சுரோ!” என்று கத்தினாள். “வதாரு! மினோரி!”

ஆற்றின் ஓசைதான் பதில்.

கரை வளைகிற அந்த இடத்திலிருந்து கடவை தெளிவாகத் தெரியும். அதனால்தான் அப்பா எப்போதும் இந்த மரத்தையே பிடிப்பார். மணி அடிக்கத் தொடங்கியிருந்தது. பாலத்தைக் கடந்து அவர்கள் அதை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். தெத்சுரோ முன்னால், தோளில் பையோடு. வதாரு. மினோரி. மினோரியின் கையைப் பிடித்தபடி நான்காவதாக ஒருத்தி. பழுப்புக் கோட்டு. கயோகோவின் கழுத்துத் துணி. கயோகோவின் ஷூக்கள். கயோகோ தன்னுடைய தோளைத் தொட்டுப் பார்த்தாள். கோட்டு இல்லை. எப்போதிலிருந்து இல்லை என்று தெரியவில்லை.

கடவையின் முன்னால் அந்தப் பெண் நின்றாள். முதுகை விறைப்பாக நிமிர்த்தினாள். சுட்டுவிரலை நீட்டி வலது பக்கத்தைக் காட்டினாள். பிறகு இடது பக்கத்தை. மினோரி குனிந்து சிரிப்பது தெரிந்தது. வதாரு கைதட்டினான். காற்று திரும்பியபோது மகளின் குரல் ஒரு துண்டு மட்டும் ஆற்றின்மேல் வந்தது: “தாத்தாவே வந்தா மாதிரி!”

பெண் சிரிக்கவில்லை. மெதுவாகத் திரும்பி, கரை வளைகிற இடத்தை, பெரிய மரத்தை, அதன் கீழே இருந்ததை நேராகப் பார்த்து விரலை நீட்டினாள்.

சரி.

ஒற்றைப் பெட்டி ரயில் நடுவே ஓடியது. ஓடி முடிந்தபோது கடவையில் யாரும் இல்லை.

இருட்டிக்கொண்டு வந்தது. புல்லின்மேலும், கரையின்மேலும், கறுப்பு ஷூக்களின்மேலும் பனியும் இதழும் கலந்து இறங்கின. கயோகோவின் கையில் பேனா இருந்தது. மூன்று முப்பத்தெட்டுக்கு எதிரே, அளவுகோல் வைத்ததுபோன்ற நேரான கோடுகளில், ஒப்படைப்பு முடிந்தது என்று எழுதியிருந்தது. அதன் கீழே அவள் கை அடுத்த வரியைத் தொடங்கியது.

16.42. மாற்றாள் வரவில்லை.

நீலப் பாயின்மேல் மட்டும் ஓர் இதழும் விழவில்லை.